படலையில் விடப்படும் குட்டிகள்

வீடும் வளவும் – மாதாந்தப் பகுதி



எமக்கு வந்த கடிதங்களில் ஒன்றை இம்முறை எடுத்துக்கொள்கின்றோம். மீள்குடியேறிய கிராமமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கின்றார். தனது பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டிருக்கின்றார். அவர் எழுதியதன் முக்கிய பகுதி இது:

“அக்கா, வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும்தான். ஒரு மழை நாளில் மதகடியில் கத்திக்கொண்டு கிடந்த மூன்று பூனைக்குட்டிகளைத் தூக்கி வந்து வளர்த்தேன். அதைக் கண்ட சனம் இப்ப குட்டிகளைச் சீமெந்துப் பைக்குள் போட்டு எங்கட படலையில் வைத்துவிட்டுப் போகுது. இன்றைக்கு 14 நிற்குது. பக்கத்து வீட்டு அக்காவும் இன்னொரு தங்கச்சியும் உதவி செய்கினம். ஒன்றைக் கொடுக்க வெளிக்கிட்டாலும் சின்னவள் அழுகிறாள். எனக்கும் மனம் வருகுதில்லை. ‘மனிசருக்கே சாப்பாடில்லை, பூனைக்கு என்னத்துக்கு’ என்று கேட்கினம். எனக்குப் ‘பூனைக்காரி’ என்று பெயரும் வைத்தாச்சு. இதை ஒழுங்காகச் செய்ய ஒரு வழி இருக்கோ, அல்லது விட்டுவிடுவதோ?”

சகோதரி, விட்டுவிடத் தேவையில்லை. ஆனால் இப்போது நடப்பதுபோல் தொடரவும் கூடாது. குட்டிகள் உங்கள் வீட்டுக்கு வருவதற்கு ஒரு வழி இருக்கின்றது. வெளியே போவதற்கு வழி இல்லை. உள்ளே வரும் வழி மட்டும் திறந்திருந்தால் எந்தப் பெரிய மாளிகையும் ஒரு நாள் நிரம்பிவிடும். உங்கள் வீடோ இரண்டு அறையும் ஒரு குசினியும். ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. குட்டிகள் வரும் இடத்தை அடைப்பது, இருப்பவற்றை அளவோடு பராமரிப்பது, நல்ல வீடு பார்த்துக் கொடுத்து அனுப்புவது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது பூனைகளைக் காப்பாற்றும் வேலை. நடுவில் உள்ளதை மட்டும் செய்தால் இரக்கமே பாரமாகிவிடும்.

தாயைத் தேடுங்கள்

குட்டி வந்தால் தாய் எங்கோ இருக்கின்றது. பையில் வந்த குட்டிகளைப் பற்றி ஊரில் விசாரித்தால் எந்த வளவுப் பூனை ஈன்றது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த வீட்டுக்குச் சண்டைக்குப் போகாதீர்கள். குட்டிகளைக் கொண்டுவந்து விட்டவர்களும் பெரும்பாலும் எங்களைப் போல வசதியில்லாதவர்கள்தான். “குட்டிகளை நாங்கள் பார்க்கிறம். தாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்ய மட்டும் விடுங்கோ” என்று கேளுங்கள். அநேகர் சம்மதிப்பார்கள்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். பூனையின் கர்ப்ப காலம் ஏறத்தாழ 9 வாரங்கள். பெட்டைக் குட்டி 4 முதல் 6 மாதத்திலேயே சினைப்படக்கூடியது. தாய்ப்பூனை பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினைப்படலாம். ஆண்டுக்கு 2 ஈற்று, ஈற்றுக்கு 4 குட்டி என்று குறைத்து வைத்தாலும் ஒரு பூனையால் ஆண்டுக்கு 8 குட்டிகள். அவற்றில் பாதி பெட்டை என்றால் அடுத்த ஆண்டு ஈனுவதற்குத் தாயோடு 5 பூனைகள். ஒரு தாய்க்குச் சத்திரசிகிச்சை செய்தால் இத்தனையும் நின்றுவிடும். 14 குட்டிகளுக்கு மாதக்கணக்காகச் சோறு போடும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறிய செலவு. ஆகவே கையில் காசு குறைவென்றால் முதற்காசு தாய்க்கே போக வேண்டும்.

உங்கள் பகுதி கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். தொண்டு நிறுவனங்களும் உள்ளூராட்சி சபைகளும் இடைக்கிடை நடத்தும் இலவசக் கருத்தடை முகாம்கள் பற்றிய செய்தியும் அங்கு கிடைக்கலாம். பூனையைப் பொலித்தீன் பையிலோ சாக்கிலோ கட்டிக்கொண்டு போகக் கூடாது, மூச்சு முட்டும். உடுப்புக் கூடைகள் இரண்டை வாயோடு வாய் வைத்துக் கயிற்றால் கட்டினால் நல்ல கூடு. சத்திரசிகிச்சைக்கு முன் எவ்வளவு நேரம் சாப்பாடு கொடுக்காமல் இருக்க வேண்டும் என்பதை வைத்தியரிடமே கேளுங்கள். குட்டிக்கும் பெரிய பூனைக்கும் அந்த நேரம் வேறுபடும். பின்னர் ஏறத்தாழ 10 நாட்களுக்கு வீட்டுக்குள் வைத்துத் தையல் சிவந்திருக்கின்றதா, வீங்கியிருக்கின்றதா என்று தினமும் பாருங்கள்.

ஆட்களிடம் அணையாத தெருப்பூனைகளையும் மறக்கக் கூடாது. அவற்றைப் பிடித்துச் சத்திரசிகிச்சை செய்து பழைய இடத்திலேயே விடுவது பல நாடுகளில் நடைமுறையாக உள்ளது. மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைச் சிறிது வெட்டி அடையாளம் வைப்பார்கள். அதே பூனையை மறுபடி பிடித்து அலைக்கழிக்காமல் இருக்க அது உதவும்.

எச்சரிக்கை ஒன்று. கைவிடப்பட்ட வீடுகள், பாழ்வளவுகள், பழைய காவலரண் இருந்த இடங்களில் பூனைகள் ஈனுவது வழமை. மிதிவெடி அடையாளப் பலகை உள்ள காணிக்குள்ளும், துப்புரவு செய்யப்பட்டதென்று உறுதியாகத் தெரியாத காணிக்குள்ளும் குட்டிச் சத்தம் கேட்டது என்பதற்காக இறங்காதீர்கள். பிள்ளைகளையும் இறங்க விடாதீர்கள். தாய்ப்பூனை உயிரோடு இருந்தால் குட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு வரும். வெளியே சாப்பாடு வைத்துக் காத்திருங்கள்.

எத்தனைக்கு இடம் உண்டு?

மூன்று பெண்கள் சேர்ந்திருக்கின்றீர்கள். மூவரும் ஒன்றாக இருந்து ஓர் எண்ணைத் தீர்மானியுங்கள். ஒரு வீட்டில் ஒரு தாயும் குட்டிகளும், அல்லது 4 குட்டிகள் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று வீட்டுக்கு 12. அதற்கு மேல் ஒன்று வந்தால், முதலில் ஒன்று வெளியே போக வேண்டும். “இப்ப இடமில்லை. தாயோடு உங்கட வீட்டிலேயே 8 கிழமை வைத்திருங்கோ. சாப்பாட்டுக்கு ஏதும் உதவி செய்கிறம், பிறகு வீடு தேடித் தருகிறம்” என்று சொல்வதும் உதவிதான். உண்மையில் குட்டிக்கு அதைவிட நல்ல உதவி இல்லை. தாயின் பாலுக்கு ஈடாக நாம் எதையும் கொடுக்க முடியாது.

இல்லை என்று சொல்வது எங்களுக்குக் கடினம். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாமல் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் 14 பூனைகளை ஒரே அறையில் அடைத்தால் ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும். இரக்கத்தால் எடுத்தவற்றை நெருக்கத்தால் சாகவிடக் கூடாது. முகாம்களில் ஒரே கொட்டிலுக்குள் பல குடும்பங்கள் இருந்த காலத்தில் வயிற்றோட்டமும் அம்மையும் எப்படிப் பரவின என்பது உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தற்காலிக வளர்ப்பு வீடு

இந்த வேலைக்குக் கட்டடம் தேவையில்லை. வீடுகளே போதும். இடம்பெயர்ந்த காலத்தில் உறவினர் வீட்டிலோ முன்பின் தெரியாதவர் வீட்டிலோ நாங்கள் தங்கியிருந்தோம் அல்லவா? அது எங்கள் வீடல்ல. ஆயினும் அங்கே அடுப்பும் பாயும் கிடைத்தன. அடுத்த இடம் சரிவரும்வரை அந்த வீடு எங்களைத் தாங்கியது. பூனைக்குட்டிக்கு உங்கள் வீடும் அப்படித்தான். குட்டியைப் பொறுப்பெடுக்கும் அன்றே “இது தங்கிப் போக வந்தது” என்று மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக வரும் பூனையை உடனே மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். 2 வாரம் தனியாக வையுங்கள். ஒரு பழைய கோழிக்கூடு, வலையடித்த பெட்டி, குளியலறை மூலை எதுவும் போதும். அதற்கெனத் தனிக் கோப்பை, தனி மண்பெட்டி. முதலில் நோயற்றவற்றுக்குச் சாப்பாடு வைத்து, கடைசியில் புதியவற்றிடம் போய், பின்னர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

பூனைகளுக்கு வரும் மிகக் கொடிய நோய்களில் ஒன்று பான்லூக்கோபீனியா என்னும் வைரசு நோய். நேற்று ஓடி விளையாடிய குட்டி இன்று சாப்பிடாது, வாந்தியெடுக்கும், தண்ணீர்க் கோப்பையருகே தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருக்கும். பெரும்பாலான குட்டிகள் இறந்துவிடும். அந்த வைரசு தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில், ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு இருக்கும். வெறும் சவர்க்காரத்துக்கு அது சாகாது. வெளிற்றும் திரவம் (குளோரின்) 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து, முதலில் அழுக்கைக் கழுவிய இடத்தில் ஊற்றி 10 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். காயும்வரை பூனைகள் அங்கே வரக் கூடாது. டெற்றோல், பினாயில் என்பன பூனைக்கு நஞ்சு. அவற்றால் கூட்டைக் கழுவ வேண்டாம். இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. 6 முதல் 8 வார வயதில் தொடங்கிச் சில வார இடைவெளியில் மறுபடியும் போட வேண்டும்.

சாப்பாட்டில் வெறும் பால்சோறு போதாது. பூனை மாமிச உணவு உண்ணும் பிராணி. சூடை, சாளை போன்ற மலிவான மீனையும், கடையில் கழிக்கும் மீன் தலைகளையும் உப்பு, தூள் போடாமல் அவித்து முள் நீக்கி, சிறிதளவு சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும்; ஆதலால் மீந்த கறிக் குழம்பு வேண்டாம். கருவாடும் வேண்டாம்.

மருந்து விடயத்தில் மிகக் கவனம். காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் கொடுத்தால் பூனை செத்துவிடும். ஒரு குளிசையே போதும். நாய்க்குத் தெள்ளு, உண்ணி போகப் பூசும் மருந்துகள் சிலவும் பூனையைக் கொல்லும். வைத்தியர் பூனைக்கென்று தந்த மருந்தைத் தவிர வேறெதுவும் கொடுக்காதீர்கள். தெள்ளு நிறைந்த சிறுகுட்டிகளுக்கு ஈர்கொல்லிச் சீப்பால் வாரி, எடுத்த தெள்ளைச் சவர்க்காரத் தண்ணீரில் போடுவதே பாதுகாப்பு. தெள்ளை அப்படியே விட்டால் இரத்தம் குறைந்து குட்டி சோர்ந்துவிடும்.

கண் திறக்காத குட்டிகள்

குட்டிகளைத் தனியே கண்டவுடன் தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். ஆபத்தில்லாத இடமென்றால் சில மணி நேரம் தூர நின்று பாருங்கள். குட்டிகள் வயிறு நிறைந்து அமைதியாகத் தூங்கினால் தாய் வந்து போகின்றது என்பது அடையாளம். ஊரில் பால் கொடுக்கும் வேறு பூனை இருந்தால் அதனிடம் சேர்த்துப் பார்க்கலாம். பல தாய்ப்பூனைகள் பிறர் குட்டியையும் ஏற்றுக்கொள்ளும்.

வேறு வழியில்லாதபோது முதலில் கொடுக்க வேண்டியது பாலல்ல, சூடு. முதல் 3, 4 வாரம் குட்டியால் தன் உடற்சூட்டைக் காக்க முடியாது. குளிர்ந்திருக்கும் குட்டிக்குப் பால் பருக்கினால் செமிக்காது, இறந்தும் போகலாம். போத்தலில் வெந்நீர் நிரப்பிப் பழஞ்சேலையால் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வையுங்கள். மறுபக்கம் வெறுமையாக இருக்கட்டும். சூடு கூடினால் குட்டி விலகிப் போக அது வேண்டும்.

பசுப்பாலும் எங்கள் பால்மாவும் குட்டிக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும். பூனைக்குட்டிக்கென்றே உள்ள பால்மாவை மிருக வைத்தியரிடமும் நகரத்துக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் எதை எப்படிக் கலந்து கொடுப்பது என்று வைத்தியரிடமே கேளுங்கள். முதல் வாரத்தில் 2, 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும் கொடுக்க வேண்டும். இரண்டாம் வாரத்தில் 3, 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்துப் பருக்கக் கூடாது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிப்பதுபோல் வயிறு கீழே இருக்கப் பிடித்து, ஊசி இல்லாத சிறிஞ்சால் துளித்துளியாகக் கொடுங்கள். பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான ஈரத் துணியால் வாற்பக்கத்தை மெல்லத் துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிவிடுவதுபோல் அப்படிச் செய்தால்தான் முதல் 3 வாரம் குட்டிக்குச் சலமும் மலமும் போகும்.

கண் 7 முதல் 14 நாட்களுக்குள் திறக்கும். 4 வாரமளவில் மசித்த மீனை நக்கத் தொடங்கும். இடையில் பலசரக்குக் கடைத் தராசில் தினமும் நிறுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஏறினால் குட்டி பிழைத்துக்கொள்கின்றது எனலாம். ஏறாமல் இரண்டு நாள் நின்றால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இத்தனையும் செய்தும் சில குட்டிகள் இறந்துவிடும். தாயை இழந்த பச்சைக் குட்டிகளைப் பிழைக்க வைப்பது அனுபவசாலிகளுக்கே கடினம். அந்த இறப்புக்காக உங்களை நீங்கள் குற்றஞ்சாட்ட வேண்டாம். சூடாக, ஒரு கைக்குள் இருந்து போனது என்பதும் சிறிய காரியமல்ல.

எங்கள் உடல்நலம்

பூனையும் விசர் நோயை, அதாவது நீர்வெறுப்பு நோயைப் பரப்பக்கூடியது. கடித்தாலோ பிறாண்டி இரத்தம் வந்தாலோ மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். நோய்க்குறி தோன்றிய பிறகு இந்நோய்க்குச் சிகிச்சை இல்லை; ஆகவே “சின்னக் கீறல்தானே” என்று இருந்துவிட வேண்டாம். வளர்க்கும் பூனைகளுக்கும் தடுப்பூசி போட வேண்டும். எங்கே, எப்போது போடுகின்றார்கள் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டு அறியலாம்.

கர்ப்பிணிப் பெண் உள்ள வீட்டில் பூனையைத் துரத்த வேண்டும் என்பார்கள். அது அவசியமில்லை. பூனை மலத்திலுள்ள ஒரு நுண்கிருமி கர்ப்பத்திலிருக்கும் சிசுவைப் பாதிக்கக்கூடும் என்பது உண்மையே. ஆனால் அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது செல்லும். ஆகவே மண்பெட்டியைத் தினமும் துப்புரவு செய்ய வேண்டும். அதைக் கர்ப்பிணி செய்யாமல் வேறொருவர் செய்ய வேண்டும். தோட்ட மண்ணில் வேலை செய்த பின் கை கழுவுவதும், இறைச்சியை நன்றாக வேகவைப்பதும் அவ்வளவு முக்கியம். பிள்ளைகளின் தோலில் வட்ட வட்டமாகப் படர்தாமரை கண்டால் குட்டிகளின் உடலிலும் மயிர் உதிர்ந்த இடம் உண்டா என்று பாருங்கள். இரு பகுதிக்கும் மருந்து செய்ய வேண்டும்.

கொடுத்து அனுப்புதல்

8 வாரம் நிறைந்து, தானாகச் சாப்பிட்டு, மண்பெட்டியில் போகப் பழகிய குட்டியைக் கொடுக்கலாம். 12 வாரம் வரை உடன்பிறப்புகளோடு இருந்தால் இன்னும் நல்லது. 2 முதல் 7 வாரம் வரையான காலத்தில் மனிதக் கைபட்டு வளர்ந்த குட்டிதான் பயமில்லாத பூனையாகும். ஆகவே அந்தக் காலத்தில் தினமும் தூக்கித் தடவிப் பழக்குங்கள். நாளைக்கு அதற்கு வீடு கிடைப்பது அதில்தான் தங்கியிருக்கின்றது.

சந்தையில் வைத்துக் கேட்டவருக்கெல்லாம் கொடுக்காதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் சம்மதமா? கடிக்கும் நாய் உண்டா? வீதி எவ்வளவு கிட்ட? முன்பு வளர்த்த பூனைக்கு என்ன நடந்தது? இந்த நான்கு கேள்விகளுக்கும் கிடைக்கும் பதிலில் அநேகமாக எல்லாம் தெரிந்துவிடும். ஒரு கொப்பித் தாளில் திகதி, குட்டியின் அடையாளம், கருத்தடை செய்ய வேண்டிய மாதம், “வைத்திருக்க முடியாவிட்டால் தெருவில் விடாமல் எங்களிடமே திருப்பித் தருவோம்” என்ற வாக்குறுதி ஆகியவற்றை எழுதி இரு பகுதியினரும் கையெழுத்திடுங்கள். புது வீட்டில் முதல் 2 வாரம் உள்ளே வைத்திருக்கச் சொல்லுங்கள். உடனே வெளியே விட்டால் பழைய இடம் தேடி ஓடிவிடும். ஒரு வாரத்திலும், ஒரு மாதத்திலும், கருத்தடை செய்ய வேண்டிய நேரத்திலும் போய் விசாரியுங்கள்.

எல்லோரும் கடுவனையே கேட்பார்கள். பெட்டை என்றால் குட்டி போடும் என்று முகம் சுளிப்பார்கள். மூன்று நிறம் கலந்த அழகான குட்டியைக் கண்டு ஆசைப்பட்டு, அது பெட்டை என்றதும் வைத்துவிட்டுப் போவார்கள். (மூன்று நிறப் பூனை அநேகமாக எப்போதும் பெட்டைதான்.) கருத்தடை செய்துவிட்டால் பெட்டைக்கும் கடுவனுக்கும் வளர்ப்பதில் வித்தியாசமில்லை என்பதை விளக்குங்கள். அதுபோலவே கறுப்புக் குட்டி. சகுனம் சரியில்லை என்று ஒதுக்குவார்கள். சகோதரிகளே, கணவரை இழந்த பெண் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று சொன்ன வாய்தான் இதையும் சொல்கின்றது. அது எவ்வளவு பொய் என்பது எங்களைவிட யாருக்குத் தெரியும்? கறுப்புக் குட்டிக்காகப் பேச எங்களுக்கு உரிமை அதிகம்.

பிள்ளைகளும் பிரிவும்

சின்னவள் அழுகிறாள் என்று எழுதியிருக்கின்றீர்கள். இதுவே உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி என நினைக்கின்றோம்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களும், 2009 இல் வன்னியில் இடம் இடமாக ஓடியவர்களும் மாட்டை அவிழ்த்துவிட்டு, நாயையும் பூனையையும் முற்றத்தில் விட்டுவிட்டு நடந்தார்கள். அது கைவிட்டதல்ல, கையில் இடமிருக்கவில்லை. மனிதரையே தூக்கி வர முடியாத நேரம் அது. ஆனால் மனம் அதை மறப்பதில்லை. எங்களில் பலருக்குப் பிரிவு என்றால் சொல்லாமல் வந்த பிரிவு, திரும்பிப் பார்க்க முடியாத பிரிவு. அதனால்தான் ஒரு குட்டியைக் கொடுப்பதற்கும் நெஞ்சு பதறுகின்றது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கொடுத்து அனுப்புவது வேறு. இங்கே நாளை நீங்கள் தீர்மானிக்கின்றீர்கள். போகும் வீட்டை நீங்கள் பார்த்திருக்கின்றீர்கள். போன பின்னும் போய்ப் பார்க்கலாம். இந்த வித்தியாசத்தைப் பிள்ளை தன் கண்ணால் காண வேண்டும். குட்டி வரும் நாளிலேயே “இது எங்களிடம் வளர்ந்து வேறு வீட்டுக்குப் போகும்” என்று சொல்லிவிடுங்கள். பாடசாலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து ஒருபோதும் கொடுக்காதீர்கள். வந்து தேடும் பிள்ளைக்கு அது பழைய காயத்தைக் கிளறும். அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கூடையை அவளே கொடுக்கட்டும். அந்தக் குட்டிக்கு என்ன பிடிக்கும், எங்கே சொறிந்தால் உறங்கும் என்று புது வீட்டாருக்கு அவளே சொல்லட்டும். ஒரு மாதம் கழித்து மறுபடி கூட்டிப் போய்க் காட்டுங்கள். பிரிந்தது நலமாக இருக்கின்றது என்று கண்ணால் காண்பது எங்கள் பிள்ளைகள் பலருக்குக் கிடைக்காத அனுபவம்.

ஒன்றை வீட்டிலேயே வைத்திருக்க விரும்பினால் வைத்திருங்கள். எதை என்று இப்போதே சொல்லி, அதற்குக் கருத்தடையும் செய்துவிடுங்கள். மற்றவை போகும்போது அது ஆறுதல். ஆனால் ஒவ்வொரு ஈற்றிலும் ஒன்று என்று வைக்கத் தொடங்கினால் அடுத்த குட்டிக்கு இடமிராது.

ஊர்ப் பேச்சும் கணக்கும்

மனிசருக்கே இல்லை என்கின்றவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். பசி கண்டவர்கள். அவர்களுக்கு வாயால் பதில் சொல்வதைவிட ஒரு கொப்பியால் பதில் சொல்லுங்கள். வந்தவை, இறந்தவை, கொடுத்தவை, கருத்தடை செய்த தாய்கள், கிடைத்த காசு, செலவழித்த காசு. இவற்றை மாதாமாதம் எழுதி, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் 5 நிமிடம் கேட்டு வாசியுங்கள். பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசும் பூனைக் காசும் ஒருபோதும் கலக்கக் கூடாது. பூனைக்கென்று ஓர் உண்டியல், மூவருக்கும் தெரிந்த கணக்கு. வீட்டுக்காசு குறைந்தால் பூனைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே முறை. வேலையையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பச்சைக் குட்டிகள், ஒருவர் வைத்தியரிடம் போய்வருவது, ஒருவர் வீடு தேடுவது. மூன்றையும் ஒருவரே சுமந்தால் ஆறு மாதத்தில் களைத்துவிடுவார்.

குட்டிகளைப் பைக்குள் போட்டுக் கட்டி விடுவது பிராணிகளுக்குச் செய்யும் கொடுமை. அத்தகைய கொடுமைகளைத் தடுக்க எமது நாட்டில் 1907 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. இருந்தாலும் பொலிசுக்குப் போவதற்கு முன் படலையில் ஒரு மட்டையைக் கட்டிப் பாருங்கள்: “குட்டிகளை விட்டுச் செல்ல வேண்டாம். வந்து கதையுங்கள். தாய்க்குக் கருத்தடை செய்ய உதவுவோம்.” இரவில் ஒளித்து வைப்பவர்களில் சிலராவது பகலில் வந்து கதைப்பார்கள்.

‘பூனைக்காரி’ என்ற பெயருக்காகவும் மனம் நோகாதீர்கள். பிரித்தானியாவில் பூனைகளுக்காக உழைக்கும் மிகப் பெரிய தொண்டு நிறுவனமான ‘கற்ஸ் புரொடெக்சன்’ 1927 இல் இலண்டன் கக்ஸ்ரன் மண்டபத்தில் நடந்த ஒரு கூட்டத்திலேயே பிறந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஜெசி வேட் என்னும் பெண்மணி. அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன், 1907 இல், வாக்குரிமை கேட்ட பெண்கள் ‘பெண்கள் பாராளுமன்றம்’ என்று கூடியதும் அதே மண்டபத்தில்தான். அவர்களையும் ஊர் சிரித்தது.

சகோதரி, இந்த மாதத்துக்கு உங்களுக்கு மூன்று வேலைகள். 14 குட்டிகளையும் கொப்பியில் எழுதுங்கள். அவற்றில் வயது வந்த நான்கிற்கு வீடு தேடத் தொடங்குங்கள். பை வந்த திசையில் ஒரு தாய்ப்பூனையையாவது கண்டுபிடித்து வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அடுத்த மாதம் எத்தனை வந்தன, எத்தனை போயின என்று எங்களுக்கு எழுதுங்கள். வேறு ஊர்களில் இதே வேலையைச் செய்யும் சகோதரிகளும் தங்கள் அனுபவங்களை எழுதி அனுப்பினால் இப்பகுதியில் பகிர்ந்துகொள்வோம்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.